ஜெயிலுக்குள் ஒரு சரித்திர வாத்தியார்

நேரு என்றால் நம்மைப் போன்ற என்ஜினியர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பக்ராநங்கல் அணை. அடுத்து ஐ.ஐ.டி.க்கள். அதற்கும் முன்னால், சின்ன வயசில், நவம்பர் 14-ஆம் தேதி ஸ்கூலில் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய். மாறுவேஷப் போட்டியில் வெள்ளைச் சட்டையில் ரோஜாப்பூ குத்திக் கொண்டு நின்றவர்கள் நம் பேட்சிலேயே நாலு பேர் தேறுவார்கள்!

ஆனால் அந்த மனுஷன் ஒரு சரித்திர வாத்தியாராகவும் இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வகுப்பில் ஒரே ஒரு மாணவி. அவளும் எதிரில் இல்லை. வாத்தியார் ஜெயிலில் இருந்தார்! அப்படி நடத்திய பாடங்கள்தான் பின்னால் ஆயிரம் பக்கப் புத்தகமாகி, உலகம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் விரும்பிப் படித்த உலக சரித்திரம் ஆனது. மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தபோது, 17 ஆண்டுகள் பிரதமராக இருந்த நேருவை விட்டுவிட்டு, இந்த வாத்தியார் நேருவைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது.

முதலில் ஒரு ஆச்சரியம். நேரு சரித்திரம் படித்து பட்டம் வாங்கியவர் இல்லை. அவரும் நம்மைப் போல சயன்ஸ் குரூப்தான்! 1907 முதல் 1910 வரை கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் அவர் படித்தது கெமிஸ்ட்ரி, ஜியாலஜி, பாட்டனி. வாங்கியதும் இரண்டாம் வகுப்புதான். (நம்மில் சிலருக்கு இது ஆறுதலாக இருக்கும்.) சின்னப் பையனாக அலகாபாத் ஆனந்த பவனத்தில் இருந்தபோதே, ஃபெர்டினண்ட் புரூக்ஸ் என்ற வீட்டு ஆசிரியர் ஒரு குட்டி லேப் அமைத்துக் கொடுத்து பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி சோதனைகளெல்லாம் செய்ய வைத்தார்.

அப்படியானால் சரித்திரப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது? புத்தகத்தில் இருந்து அல்ல, கதையில் இருந்து. தந்தை மோதிலாலிடம் வேலை பார்த்த முன்ஷி முபாரக் அலி என்ற பெரியவர் வீட்டில் இருந்தார். பதாயூனில் வசதியாக இருந்த குடும்பம். 1857 கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படை அந்தக் குடும்பத்தில் பலரைக் கொன்று, குடும்பத்தையே சீரழித்து விட்டது. அந்தப் பெரியவர் மடியில் உட்கார்ந்துதான் அரபுக் கதைகளையும் 1857 கதைகளையும் ஜவஹர் கேட்டார். அம்மாவும் பெரியம்மாவும் சொன்ன ராமாயண, மகாபாரதக் கதைகள் வேறு. பாடப் புத்தகத்தில் வருஷமாக இருக்கும் 1857, அவருக்கு முபாரக் அலியின் முகமாக இருந்தது. இதுதான் பிற்பாடு அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் என்று நான் நினைக்கிறேன்.

1905-ல், 15 வயதில், இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியில் சேரப் போனார். டோவர் துறைமுகத்தில் இறங்கி லண்டனுக்கு ரயிலில் போகும்போது பத்திரிகையில் ஒரு செய்தி. த்சுஷிமா கடற்போரில் ஜப்பான், ரஷ்யாவைத் தோற்கடித்து விட்டது! ஓர் ஆசிய நாடு ஐரோப்பிய வல்லரசை ஜெயித்தது பையனைத் தூக்கி வாரிப் போட்டது. அப்புறம் ஹாரோவில் நன்றாகப் படித்ததற்காக ஒரு புத்தகம் பரிசு கொடுத்தார்கள். ட்ரெவெல்யான் என்ற சரித்திர ஆசிரியர், இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியைப் பற்றி மூன்று பாகங்களாக எழுதியதில் ஒரு பாகம். படித்தவர் சும்மா இருக்க முடியாமல் மற்ற இரண்டு பாகங்களையும் தேடி வாங்கி முழுக் கதையையும் படித்து முடித்தார். இத்தாலி போலவே இந்தியாவும் என்ற கனவு அங்கே ஆரம்பித்தது. பரிசளிப்பு விழாக்களில் எவர்சில்வர் டம்ளர் கொடுப்பதற்குப் பதில் நல்ல புத்தகம் கொடுப்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்!

1912-ல் பாரிஸ்டராகத் திரும்பியது, 1916-ல் கமலாவை மணந்தது, காந்தியடிகள் பின்னால் போனது, 1921 டிசம்பரில் முதல் முறையாக ஜெயிலுக்குப் போனது இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. 1917 நவம்பர் 19-ல் மகள் இந்திரா பிறந்தாள். அவளுக்கு நாலு வயசு ஆனதும் அப்பா ஜெயிலுக்குப் போக ஆரம்பித்தார். 1945 வரை ஒன்பது முறை. எல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டு. ஜெயிலில் இல்லாதபோது ஊர் ஊராகக் கூட்டம். தாத்தாவும் அத்தைமார்களும் அம்மாவும்கூட ஜெயிலுக்குப் போன வீடு அது. அம்மாவுக்கோ காச நோய். அந்தப் பெண் குழந்தை பாதி நாள் வேலைக்காரர்கள் நடுவே தனியாக வளர்ந்தாள் என்று சொன்னால் மிகை இல்லை.

1928 கோடையில் பத்து வயது இந்திரா முசூரி மலையில் இருந்தாள். அப்பா கீழே அலகாபாத்தில். நேரில் இருந்தால் அவள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம், இல்லையே! சரி, எழுதலாம் என்று ஆரம்பித்தார். அந்தக் கோடையில் சுமார் 30 கடிதங்கள். இங்கேதான் அந்த சயன்ஸ் மாணவன் வெளியே வருகிறான். ராஜா, ராணி, யுத்தம் என்று ஆரம்பிக்கவில்லை. பூமி எப்படி உண்டானது, முதல் உயிர் எது, பாறைக்குள் கிடக்கும் எலும்பு என்ன சொல்கிறது என்று ஆரம்பித்தார். வழுவழுப்பான ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கொண்டு, இது ஏன் உருண்டையாக இருக்கிறது, மலையில் உடைந்த கல் ஆற்றில் உருண்டு உருண்டு எப்படி இப்படி ஆனது என்று காட்டி, எழுத்து கண்டுபிடிக்கும் முன்னாலேயே உலகம் தன் கதையைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறது என்று புரிய வைத்தார். நாம் முதலாண்டு ஜியாலஜியில் செடிமெண்டரி ராக், மெட்டமார்ஃபிக் ராக் என்று மனப்பாடம் செய்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! 1929-ல் அது சிறு நூலாக வந்தது. பிரேம்சந்த் அதை இந்தியில் மொழிபெயர்த்தார். பத்து வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இன்றைக்கும் தைரியமாக வாங்கி வைக்கலாம்.

அது ஒத்திகை. நாடகம் 1930-ல் ஆரம்பித்தது.

உப்பு சத்தியாக்கிரக வருஷம். நேரு அலகாபாத் பக்கத்தில் நைனி மத்திய சிறையில். அக்டோபர் 26, மகளின் பதின்மூன்றாவது பிறந்த நாள். (ஆங்கிலத் தேதி நவம்பர் 19 ஆயிற்றே என்று கேட்பீர்கள். நம்ம ஊரில் நட்சத்திரப்படி கொண்டாடுவோமே, அது போல அவர்கள் சம்வத் பஞ்சாங்கப்படி கொண்டாடினார்கள்.) ஜெயிலில் இருந்து என்ன பரிசு அனுப்ப முடியும்? ஒரு கடிதம் எழுதினார். சின்ன வயசில் அவள் ஜோன் ஆஃப் ஆர்க் கதையைப் படித்துவிட்டு தானும் அப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டதை நினைவுபடுத்தினார். அப்புறம் 1931 புத்தாண்டு தினம். அன்று மாலை அவருக்கு ஒரு செய்தி வந்தது: கமலாவையும் கைது செய்து விட்டார்கள். இனி மகளுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த வாரமே உலக சரித்திரம் வரிசையாக ஆரம்பித்து விட்டது. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இதில் மனசை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. கடிதம் கடிதமாக எழுதினாரே தவிர, அவற்றை அவளுக்கு உடனே அனுப்ப முடியவில்லை. எத்தனை நாளைக்கு ஒரு கடிதம் என்று ஜெயிலில் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் கிரேக்க சரித்திரத்தை அனுப்பி வீணாக்க முடியுமா? வீட்டு சமாசாரம் எழுத வேண்டாமா? ஆகவே எழுதி எழுதி அறையிலேயே அடுக்கி வைத்தார். வெளியே வந்ததும் மொத்தமாகக் கொடுக்கலாம் என்று. மகளோ பூனாவில் ஒரு பள்ளியில் தங்கிப் படித்துக் கொண்டிருந்தாள். அவளிடம் பேசுவது போலவே இவர் இங்கே எழுதிக் கொண்டிருந்தார். அவள் இந்த இடத்தில் கொட்டாவி விடுவாள், இந்த இடத்தில் சண்டைக்கு வருவாள் என்று அவரே நினைத்துக் கொண்டு எழுதுகிறார். நேற்று ரொம்ப நீளமாகப் போய்விட்டது, இன்று சுருக்குகிறேன் என்று சமாதானம் சொல்கிறார்.

வேலை செய்த விதத்தை நம் ஆட்கள் ரசிப்பார்கள். கையில் லைப்ரரி கிடையாது. ஜெயிலுக்குள் புத்தகங்கள் வரும், படித்ததும் திரும்பிப் போகும். படிக்கும்போதே நோட்டில் குறிப்பு எடுத்து வைத்துக் கொள்வார். எழுத உட்காரும்போது அந்த நோட்டும் ஞாபகமும்தான் துணை. ஐ.எஸ். கோடு புத்தகம் இல்லாமல், பழைய கிளாஸ் நோட்டை வைத்துக் கொண்டு பாலத்துக்கு டிசைன் போடுகிற மாதிரி! எச்.ஜி.வெல்ஸ் 1920-ல் எழுதிய உலக வரலாற்று நூல் அவருக்குப் பெரிய உதவி. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் வெல்ஸ் உட்பட மேல்நாட்டார் எழுதிய நூல்களில் ஐரோப்பாதான் நடு வீடு, ஆசியா திண்ணை. நேரு அதைப் புரட்டிப் போட்டார். சீனத்துக்கு இவ்வளவு, பாக்தாதுக்கு இவ்வளவு, அங்கோருக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் இவ்வளவு என்று இடம் ஒதுக்கினார். கடல் கடந்து போன தென்னிந்தியர்களும், ராஜராஜனும் ராஜேந்திரனும் அதில் வருகிறார்கள். உலகத்தையே ஜெயித்ததாக நாம் படித்த அலெக்சாந்தருக்கு, பெரிய வீரன்தான் ஆனால் தலைக்கனம் பிடித்த பையன் என்று ஒரே போடு!

1931 ஜனவரி கடைசியில் விடுதலை. பத்தே நாளில், பிப்ரவரி 6-ல், தந்தை மோதிலால் காலமானார். ஏப்ரலில் கமலா, இந்திராவுடன் ஓய்வுக்காக இலங்கைக்குக் கப்பல் ஏறினார். க்ரகோவியா என்ற அந்தக் கப்பலில், அரபிக் கடல் நடுவில், இரண்டு கடிதங்கள் எழுதினார். இதில் ஒரு வேடிக்கை. மகள் அதே கப்பலில்தான் இருக்கிறாள்! ஆனாலும் கடிதம் எழுதுகிறார். இலங்கை முடிந்து கன்னியாகுமரி, திருவாங்கூர், கொச்சி, மைசூர், ஹைதராபாத் என்று தென்னிந்தியாவைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார்கள். அதற்குப் பிறகு பதினோரு மாதம் ஒரு வரி சரித்திரம் இல்லை. வெளியே இருந்தால் எங்கே நேரம்? 1931 டிசம்பர் 26-ல் மறுபடி கைது. 1932 மார்ச் 26-ல், பரேலி ஜெயிலில், விட்ட இடத்தில் இருந்து பேனா ஓட ஆரம்பித்தது. பிரிட்டிஷ் சர்க்கார் அவரைப் பிடித்துப் போடாமல் இருந்திருந்தால் இந்தப் புத்தகம் கிடைத்திருக்காது. நன்றி சொல்வதா, வேண்டாமா என்று தெரியவில்லை!

நைனியில் இருந்து பரேலி, அங்கிருந்து டேராடூன். டேராடூன் ஜெயிலில்தான் பெரும்பகுதி எழுதப்பட்டது. காலையும் மாலையும் ஜெயில் கேட்டுக்கு வெளியே கொஞ்சம் நடக்க விட்டார்கள். அங்கிருந்து மலை தெரியும். அதே 1932-ல் அலகாபாத் ஜெயிலில் இருந்த உறவினரைப் பார்க்கப் போன தாயாரையும் மனைவியையும் அங்கிருந்தவர்கள் அவமதித்தார்கள் என்று தெரிந்ததும், தன்னைப் பார்க்க இனி யாரும் வரவேண்டாம் என்று பல மாதம் நேர்காணலையே மறுத்து விட்டார். ரோஷம்! ஆனால் அந்த ரோஷத்தின் விலையை மகளும் சேர்ந்துதான் கொடுத்தாள். அப்பா முகத்தைப் பார்க்காத அந்த மாதங்களில்தான் செங்கிஸ்கான், அக்பர், பிரெஞ்சுப் புரட்சி எல்லாம் காகிதத்தில் ஏறிக் கொண்டிருந்தன. இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது இது எனக்கு ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 1932 ஜூனில் வருகிறது. அதற்குள் அவர் சரித்திரத்தில் நடுக்காலம் வரை வந்து விட்டார். மத்திய அமெரிக்காவின் மாயா நாகரிகத்தைப் பற்றி எழுதியாகி விட்டது. அடுத்து ஸ்பெயின் நாட்டு அராபியர்களிடம் போக வேண்டும். நடுவில், மொகஞ்சதாரோ அகழாய்வைப் பற்றி சர் ஜான் மார்ஷல் வெளியிட்ட பெரிய நூல் அவர் கைக்கு வந்தது. மொகஞ்சதாரோ, ஹரப்பா செய்தியை மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924-ல். நூல் வந்தது 1931-ல். சுடச்சுட! படித்துப் பார்த்தால், ஆரம்பத்தில் தான் எழுதிய பழைய இந்தியா போதாது என்று தெரிகிறது. என்ன செய்தார்? பழைய கடிதத்தைக் கிழித்து நைசாகத் திருத்தி எழுதவில்லை. சற்றே பின்னால் குதிக்கிறேன் வா என்று மகளை இழுத்துக் கொண்டு ஐயாயிரம் வருஷம் பின்னால் போய்விட்டார். செங்கல் வீடுகள், சாக்கடைகள், குளியலறைகள் எல்லாவற்றையும் காட்டிவிட்டுத் திரும்ப வந்து, ஸ்பெயினில் கார்டோபாவுக்குப் போனார். நாம் டிராயிங்கில் மாற்றம் செய்தால் மேகம் மாதிரி வளைத்து ரிவிஷன் நம்பர் போடுவோம் அல்லவா? அதே நேர்மை. படிக்கிற பிள்ளைக்கு இதில் ஒரு பெரிய விஷயம் சொல்லாமலே புரிந்து விடுகிறது. சரித்திரம் என்பது முடிந்து போன பாடம் இல்லை. நேற்று மண்ணைத் தோண்டியதில் கிடைத்தது இன்றைய கடிதத்தை மாற்றும்.

இன்னொரு இடம். பழைய கிராமப் பஞ்சாயத்துகளைப் பற்றிச் சொல்லும்போது தென்னிந்தியக் கல்வெட்டு ஒன்றைக் குறிப்பிடுகிறார். யார் உறுப்பினர் ஆகலாம், யார் ஆகக் கூடாது என்று விதிகள். பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது. பதவியில் இருந்தவர்களின் நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு நமக்கு உடனே ஞாபகம் வரும். இந்த உறவினர் விதி இந்தக் காலத்துச் சபைகளுக்கும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஜெயிலில் உட்கார்ந்து மகளுக்கு எழுதினார் நேரு. பின்னால் நடந்தது நமக்குத் தெரியும். சரித்திரத்துக்குக் கொஞ்சம் குறும்பும் உண்டு போலிருக்கிறது.

குறை இல்லையா? நிறைய உண்டு. தானே தன்னை சரித்திர ஆசிரியன் இல்லை என்று சொல்லிக் கொண்டவர். சோவியத் ரஷ்யாவின் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதும்போது பேனாவில் ஆர்வம் அதிகம்; அங்கே அப்போது நடந்த பஞ்சத்தின் பயங்கரம் அவர் பார்வைக்கு வரவில்லை. ஆரியர் பற்றிய பழைய கருத்துகளில் பலவற்றை இன்றைய ஆராய்ச்சி ஏற்காது. கடைசி நூறு பக்கங்களில் டாலர், பவுண்ட், போர்க் கடன், பொருளாதார மந்தம் என்று சில கடிதங்கள் நிஜமாகவே போரடிக்கும். (பதினைந்து வயசுப் பெண் அதை எப்படிப் படித்தாளோ!) ஆனால் அந்தக் கடைசிப் பகுதிக்கு ஒரு தனி வேகமும் இருக்கிறது. ஏனென்றால் அதற்குள் சரித்திரம் தினசரிப் பத்திரிகையைப் பிடித்து விட்டது. ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30-ல். அந்த ஜூலையிலேயே ஜெர்மனி எப்படி விழுந்தது என்று மகளுக்கு விளக்குகிறார். ஆகஸ்ட் 8-ல் வரப்போகிற யுத்தத்தின் நிழலைப் பற்றி ஒரு கடிதம். நிஜ யுத்தம் வர இன்னும் ஆறு வருஷம் இருந்தது. மறுநாள், 1933 ஆகஸ்ட் 9-ல், கடைசிக் கடிதம். நம்பர் 196.

அந்த மாதக் கடைசியில் விடுதலை. 1934-ல் தங்கை விஜயலட்சுமி பண்டிட் முன்கை எடுத்து, அலகாபாத்தில் இரண்டு பாகங்களாகப் புத்தகம் வந்தது. அதே 1934 பிப்ரவரியில் ஆசிரியர் மறுபடியும் ஜெயிலுக்குள்! 1939-ல் லண்டனில் திருத்திய பதிப்பு வந்தபோது, வெல்ஸின் நூலுக்குப் படம் போட்ட ஹொராபின் இதற்கும் 50 வரைபடங்கள் போட்டுக் கொடுத்தார். அழகான கோட்டுப் படங்கள். ஒரு பேரரசு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று ஒரு பார்வையில் தெரியும். அந்தப் பதிப்புக்கு ஒரு பின்குறிப்புக் கடிதமும் எழுதினார். தேதி 1938 நவம்பர் 14, இடம் அரபிக் கடல். ஐரோப்பாவில் இருந்து திரும்பும் கப்பலில், தன்னுடைய 49-வது பிறந்த நாளில், இடையில் போன ஐந்து வருஷத்தின் கணக்கை மகளுக்கு எழுதிக் கொண்டிருந்தார். அந்த ஐந்து வருஷத்தில் கமலா போய்விட்டார். 1936 பிப்ரவரி 28, சுவிட்சர்லாந்தில்.

சரித்திரம் படித்தது அவருக்கு என்ன செய்தது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். 1937 நவம்பரில் கல்கத்தா மாடர்ன் ரிவ்யூ பத்திரிகையில் சாணக்கியன் என்ற பெயரில் ஒரு கட்டுரை வந்தது. காங்கிரஸ் தலைவர் நேருவை ஜாக்கிரதையாகப் பார்த்துக் கொள்ளுங்கள், கூட்டத்தின் கைதட்டலில் மயங்கி ஒரு சீசராக ஆகிவிடக் கூடிய குணங்கள் இந்த ஆளிடம் இருக்கின்றன, மறுபடியும் தலைவராக்க வேண்டாம் என்று எச்சரிக்கை. யார் இந்தச் சாணக்கியன் என்று ஊரே தலையைப் பிய்த்துக் கொண்டது. எழுதியவர் நேருவேதான்! ரோமாபுரியைப் பற்றி மகளுக்கு எழுதிய பேனா, கடைசியில் எழுதியவரையே குத்திக் காட்டியது.

அடுத்த பெரிய நூல் நமக்கு ஓரளவு தெரிந்தது. 1942 ஆகஸ்ட் முதல் அகமத்நகர் கோட்டையில் மௌலானா ஆசாத், படேல், பந்த், நரேந்திர தேவா முதலியவர்களோடு அடைபட்டிருந்தபோது, 1944-ல் ஐந்தே மாதத்தில் இந்தியாவைக் கண்டறியும் நூலை எழுதினார். 1946-ல் வெளிவந்தது. ஷ்யாம் பெனகல் அதை 53 வாரத் தொடராக எடுத்து 1988-ல் தூர்தர்ஷனில் வந்தது. நம் சீனியர்கள் ஹாஸ்டல் டி.வி. ரூமில் பார்த்திருப்பார்கள். அது ஆழமான நூல், சந்தேகம் இல்லை. ஆனால் அது பெரியவர்களுக்கு. கூடவே படித்த பண்டிதர்கள் இருந்தார்கள், விவாதித்தார்கள், திருத்தினார்கள். மகளுக்கு எழுதியதில் உள்ள அந்தத் தனிமையும் அவசரமும் அதில் இல்லை. எனக்கு முதல் புத்தகம்தான் உசத்தி.

அந்த மாணவியைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. கடிதங்களைப் பெற்றவர் 1966-ல் பிரதமர் ஆனார். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலையை அறிவித்தார். எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. 21 மாதம். முசோலினியும் ஹிட்லரும் எப்படி வந்தார்கள் என்று அப்பா விரிவாக எழுதிக் கொடுத்தது அந்த வீட்டு அலமாரியில்தான் இருந்தது. பின்னால் 1977-ல் தேர்தலை நடத்தி, தோற்றதும் இறங்கிப் போனவரும் அவர்தான். புத்தகத்தில் எது உள்ளே போனது, எது போகவில்லை என்று யார் கணக்குப் போட முடியும்? நேரு அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1964 மே 27-ல் காலமாகி விட்டார்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாம் ஸ்கூலில் படித்த சரித்திரம் உங்களுக்குத் தெரியும். அசோகர் சாலை ஓரத்தில் மரம் நட்டார், குளம் வெட்டினார், ஐந்து மதிப்பெண். அதன் பிறகு சரித்திரம் என்றாலே ஓட்டம். இந்தப் புத்தகத்தில் அசோகர் போரை ஜெயித்துவிட்டு வேதனைப்படுகிற ஒரு மனுஷராக வருகிறார். எழுதுகிறவர் ஜெயிலில் இருப்பதால், ஆட்சி என்றால் என்ன, தண்டனை என்றால் என்ன என்பதெல்லாம் அவருக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஓ.வி.அளகேசன் இதை உலக சரித்திரம் என்ற பெயரில் தமிழில் கொடுத்திருக்கிறார். ஆங்கிலத்தில் படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. கடினமான ஆங்கிலம் இல்லை, ஒரு பதின்மூன்று வயசுப் பெண்ணுக்கு எழுதியதுதானே.

ஆயிரம் பக்கத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் பக்கத்தில் இருந்து வரிசையாகப் படிக்கவும் வேண்டாம். செமஸ்டர் லீவில் தினம் ரெண்டு கடிதம், சாப்பாட்டுக்கு அப்புறம், போதும். செங்கிஸ்கானில் ஆரம்பியுங்கள். அகிம்சைவாதியான தனக்கு இந்தக் கொடூரமான ஆளிடம் ஏன் இவ்வளவு கவர்ச்சி என்று நேருவே ஆச்சரியப்பட்டுக் கொள்வார். அப்புறம் மொகஞ்சதாரோவுக்குப் பின்னால் குதிக்கிற கடிதம். அப்புறம் பிரெஞ்சுப் புரட்சி. அலெக்சாந்தரை மெதுவாகப் பார்த்துக் கொள்ளலாம், அவசரம் இல்லை.